என் செத்தவீட்டுக்கு வந்தவர்கள்

பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சுவரில் என் முகம் ஒட்டியிருந்தது. மேலே கறுப்பு எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. கீழே தவமணி என்ற என் பெயரும், ஓய்வுபெற்ற தட்டெழுத்தாளர் என்ற என் உத்தியோகமும். அதற்கும் கீழே இருந்ததை மான் தின்றுவிட்டது.

திருகோணமலை மான்களுக்குச் சுவரொட்டி என்றால் கொள்ளை ஆசை. ஒட்டுகிற பசையைக் கோதுமை மாவில் காய்ச்சுவதுதான் காரணம். தேர்தல் வந்தால் வேட்பாளர்களையே தின்று முடிப்பவை, என்னை விடுமா? கீழே இருந்து என் உத்தியோகம்வரை தின்று, ஏனோ அதோடு நிறுத்தியிருந்தது.

முச்சக்கரவண்டிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் வாசித்தேன். மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஆயுள் முழுக்க மற்றவர்கள் சொன்னதைத் தட்டெழுதியவள் நான். எதையும் வாசிக்காமல் கடந்து போக ஏலாது. 'அகால மரணம்' என்று போட்டிருந்தார்கள். அறுபதைக் கடந்தவளுக்கு அகாலம் எங்கே இருந்து வந்தது என்று யோசித்தபடி மறுபடி ஏறினேன்.

வண்டிக்காரர் மெல்லிய குரலில் எங்கே போகவேண்டும் என்று கேட்டார். உட்துறைமுக வீதியில் ஒரு பழைய பங்களாவுக்கு என்றேன். அங்கேதான் என் செத்தவீடு நடக்க இருந்தது. பெட்டிக்குள் படுப்பது என் வேலை.

பகலில் வந்த பேய்

போன வாரம் இந்தப் பத்தியில் கச்சேரிச் சிற்றுண்டிச்சாலையைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு, நீங்கள் பேயாக நடித்த கதையை எப்போது எழுதுவீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதாமல் தப்பலாம் என்று இருந்தேன். ஊருக்கே தெரிந்ததை மறைத்து என்ன பயன்?

நிரோஷன் கலியாண வீடியோ எடுக்கிற பொடியன். பொடியன் என்றாலும் முப்பது தாண்டியவன், ஒரு பிள்ளைக்குத் தகப்பன். எங்கள் அயலில் ஒரு பிள்ளை பெரியவளானதற்கு நடந்த சாமத்திய வீட்டை எடுத்தவன், வீடியோவை வெட்டும்போது கூட்டத்தில் என் முகத்தைக் கண்டிருக்கிறான். நேரே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அன்ரி, நீங்கள் சும்மா பாத்தாலே பயமாக் கிடக்கு. என்ர படத்திலை பேயா நடிக்கிறீங்களோ?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓய்வுபெற்ற பின் என்னை ஒருவரும் ஒன்றுக்கும் கேட்டதில்லை. பின்னேரங்கள் நீண்டுபோய்க் கிடந்தன. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

படத்தின் பெயர் 'இரத்தக் கிணறு 2'. ஒன்று எப்போது வந்தது என்று கேட்டேன். ஒன்று இல்லை என்றான். இரண்டு என்று போட்டால் முதலாவது நன்றாக ஓடியிருக்கும் என்று சனம் நம்புமாம். கதையும் அந்த அளவுதான். துறைமுகத்தோரத்துப் பழைய வீட்டில் ஒரு கிழவியைக் கொன்று கிணற்றில் போடுகிறார்கள். அவள் வந்து ஒவ்வொருவராக முடிக்கிறாள். நடுவில் ஓர் இளம்பெண் கதைக்குத் தேவையில்லாமல் அடிக்கடி குளிக்கிறாள். ஏன் இந்தப் பிள்ளை இவ்வளவு குளிக்கிறது என்று விசாரித்தேன். அதைப் பார்க்கத்தான் சனம் வரும் என்று நேர்மையாகச் சொன்னான். பொய் சொல்லத் தெரியாதவன் எப்படிப் படம் எடுக்கப் போகிறான் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

வெளிச்சத்துக்கு விளக்கு வாங்க வசதி இல்லாததால் இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்தோம். பிறகு கணினியில் நீலமாக்கினால் இரவாகிவிடும் என்றான். உச்சி வெயிலில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நான் கிணற்றடியில் நின்றேன். எனக்குப் பின்னால் கோதுமைக் கப்பல் சாவகாசமாக இறக்கிக்கொண்டிருந்தது.

ஒப்பனைக்கு மூதூரிலிருந்து நவாஸ் வந்தார். அவருடைய தொழில் மணப்பெண் அலங்காரமும் பிறந்தநாள் கேக்கும். சிவப்புச் சர்பத்தில் கொஞ்சம் கொக்கோ கலந்து இரத்தம் செய்வார். பார்க்க உண்மைபோலவே இருக்கும். ஆனால் கொலை நடந்து சற்று நேரத்தில் பிணத்தில் எறும்பு மொய்த்துவிடும். பிணங்கள் எல்லாம் சொறிந்துகொண்டே கிடந்தன.

இன்னொன்று. பாத்திரங்களின் பெயர்கள் மறந்துபோய் எல்லோரும் தடுமாறியதால், அவரவர் சொந்தப் பெயரையே வைத்துவிட்டான். படத்தில் செத்துப்போகும் கிழவியின் பெயரும் தவமணி.

அக்காவும் நானும் கண்ட பேய்கள்

பேய்ப்படம் என்றால் எனக்குக் கமலா அக்காவின் ஞாபகம்தான் வரும். அவர் எனக்கு நாலு வயது மூத்தவர். சின்ன வயதில் இருவரும் டவுன் தியேட்டருக்குப் போவோம். மரக் கதிரையில் மூட்டைப்பூச்சி கடிக்கும். திரையில் பேய் வந்ததும் அக்கா தாவணியை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். "போயிட்டுதோ?" என்று உள்ளே இருந்து கேட்பார். பேய் திரையை நிறைத்துக்கொண்டு நிற்கும்போது நான் போய்விட்டது என்பேன். அவர் தாவணியை விலக்குவார். பிறகு வீடுவரை கிள்ளிக்கொண்டே வருவார்.

அக்கா கிளிவெட்டியில் கலியாணம் முடித்துப் போனார். நான் டவுனில் அம்மாவோடு நின்றுவிட்டேன்.

அம்மா என் வீட்டில்தான் கண்ணை மூடினார். சண்டையில் பாதை பூட்டியிருந்த காலம் அது. கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கு லோஞ்ச் படகு ஓடவில்லை, தரையாலும் வர வழி இல்லை. அக்காவுக்குச் செய்தி போனதோ என்றுகூடத் தெரியவில்லை. மின்சாரமும் இல்லை, ஐஸும் இல்லை. வைத்திருக்கக்கூடிய அளவுக்கு வைத்திருந்து பார்த்தோம். இனி ஏலாது என்று அயலவர்கள் சொன்னார்கள். எடுத்துவிட்டோம்.

பாதை திறந்து அக்கா வந்தபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முகத்தை ஒருக்காக் காட்டாமல் எரிச்சுப் போட்டியோ?"

நான் காரணங்களைச் சொன்னேன். அவர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை. பெற்ற தாய்க்கு அழாதவள் என்னைக் கேள்வி கேட்கிறாளே என்று எனக்கும் கோபம் ஏறிவிட்டது. அவர் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பிப் போனார்.

அன்றோடு கதை இல்லை. கலியாணங்களில் காண்போம். அவர் ஒரு வரிசையில் இருப்பார், நான் இன்னொரு வரிசையில் இருப்பேன். பாலங்கள் வந்து கிளிவெட்டி கிட்டவாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் அது கிட்டவாகவில்லை.

கேள்வி கேட்காத கடை

பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் நிரோஷனைப் பிடித்து உலுப்பினேன். அவன் முகம் வெளிறிப்போய் நின்றான். படத்தில் காட்டுவதற்காகச் சில அஞ்சலித் தாள்கள் அடிக்கச் சொல்லி, முதல்நாள் என் படத்தை அச்சுக் கடையில் கொடுத்திருக்கிறான். அவ்வளவுதான் அவன் செய்தது.

எங்கள் ஊரில் இந்தக் கடைகளுக்கு ஒரு முறை இருக்கிறது. செத்தவரின் படத்தோடு ஒருவர் வந்தால் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். துக்க வீட்டுக்காரரைக் கேள்வி கேட்டுக் கரைச்சல்படுத்துவது மரியாதை இல்லை. அடிப்பது, பஸ் நிலையம், சந்தை, ஆஸ்பத்திரிச் சுவர் என்று ஒட்டுவது, கைத்தொலைபேசிக் குழுக்களுக்கு அனுப்புவது எல்லாவற்றையும் தாங்களாகவே செய்துவிடுவார்கள். நிரோஷன் வாடிய முகத்தோடு போயிருக்கிறான். அது படம் எடுக்கிற கவலை. கடைக்காரர் வேறு கவலை என்று எடுத்துக்கொண்டார். கதையில் வருகிற வீட்டு விலாசமும் நேரமும் தாளில் இருந்தன. மிச்சத்தைக் கடை பார்த்துக்கொண்டது.

சுவரில் ஒட்டியதைக் கிழிக்க ஆள் அனுப்பினான். தொலைபேசியில் போனதை யார் கிழிப்பது? என் தொலைபேசியை நான் பார்க்கவில்லை. படப்பிடிப்பில் மணி அடிக்கக்கூடாது என்று எல்லோருடையதையும் நிறுத்தி, வாங்கி, ஒரு பையில் போட்டு வைத்துவிடுவான்.

வெள்ளைக் கொடி கட்டியாகிவிட்டது. குருத்தோலைத் தோரணம் தொங்கியது. பறைமேளம் வாடகைக்கு வந்திருந்தது. நவாஸ் என் முகத்துக்கு மா பூசி, மூக்கில் பஞ்சு வைத்து, பூவைப் பரப்பினார். உயிரோடு இருக்கச் செத்ததாகச் செய்தி வந்தால் ஆயுசு நூறு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பெட்டிக்குள் படுத்தேன்.

முதலில் வந்தது என்னோடு கச்சேரியில் வேலை செய்தவர்கள். மலர்வளையத்தோடு வந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒரு பாதிப் பேர் ஏசிவிட்டுப் போனார்கள். மறு பாதிப் பேர் வந்தது வந்தோம் என்று கதிரையில் இருந்துவிட்டார்கள். செத்தவீட்டுக்குக் கூட்டம் காணாது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த நிரோஷனுக்கு வாயெல்லாம் பல். மலர்வளையத்தையும் வாங்கி என் காலடியில் வைத்துவிட்டான். படம் வருவதற்கு முன்பே ஊர் இரண்டாகிவிட்டதை நான் படுத்தபடியே பார்த்தேன்.

பெட்டிக்குள்

கதைப்படி, உறவினர்கள் சூழ்ந்து அழும்போது பிணம் கண்ணைத் திறக்க வேண்டும். கமரா ஓடத் தொடங்கியது. பறை அதிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

திடீரென்று பெட்டி ஆடியது. யாரோ ஓடிவந்து விளிம்பைப் பிடித்து விழுந்து அழுகிறார்கள். நடிக்க வந்த பெண்கள் சிணுங்குவதுபோல அழுவார்கள். இது அப்படி இல்லை. வயிற்றிலிருந்து வந்தது. மேளத்தில் சொற்கள் கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. தாவணிக்குள் இருந்து "போயிட்டுதோ?" என்று கேட்ட அதே குரல்.

கமலா அக்கா கிளிவெட்டியிலிருந்து வந்திருந்தார். மகள் தொலைபேசியில் கண்டு சொல்லியிருக்கிறாள். இந்த முறையாவது எடுக்கமுதல் போய்விட வேண்டும் என்று, உடுத்த சேலையோடு ஓட்டோ பிடித்து வந்திருக்கிறார். கேற்றில் நின்றவர்கள் மறித்துச் சொல்லப் பார்த்தார்களாம். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை.

நிரோஷனுக்கு ஆள் யார் என்று தெரியாது. நல்ல நடிகை ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று, மேளக்காரருக்கு நிறுத்தவேண்டாம் என்று கையைக் காட்டியிருக்கிறான்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா இருதய வருத்தக்காரி. பிணம் திடீரென்று எழும்பினால் அங்கேயே இன்னொரு பெட்டி வேண்டியிருக்கும். அதோடு, உள்ளதைச் சொல்லவேண்டும், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு கிடக்க எனக்கு விருப்பமாகவும் இருந்தது. இத்தனை வருடம் கதையாதவர் எனக்காக இப்படி அழுகிறாரே. தன் சாவுக்கு அழுவதைக் கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பூவுக்குக் கீழால் கையை மெல்ல நகர்த்தி அவருடைய விரலைப் பிடித்தேன். அழுகை நின்றது. பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கன்னத்தில் ஓங்கி ஒன்று போட்டார். பூசியிருந்த மா எழும்பிப் பறந்தது.

மேளம் நின்றுவிட்டது. அக்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார். நவாஸ் பதறிப்போய், கையில் கிடந்த இரத்தத்தில் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுத்தார். "குடிங்க உம்மா, சர்பத்துத்தான்." அக்கா முழுவதையும் குடித்தார். இனிப்புக் கூட என்றார். என்னோடு ஒரு சொல் கதைக்காமல் வந்த ஓட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார்.

கிளிவெட்டியில்

நிரோஷன் சில நாட்கள் கழித்து வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அந்தக் காட்சி அவனுக்கு வேண்டுமாம். படம் முழுக்கப் பொய், அந்த ஓர் இடம்தான் உண்மை என்றான். அது எங்கள் வீட்டு விஷயம், உன்னுடைய குளிக்கிற காட்சிகளோடு சேர்த்து விற்பதற்கு இல்லை என்று நான் கத்திவிட்டேன். அக்கா வேண்டாம் என்றால் அழித்துவிடுவதாகச் சொன்னான்.

ஆகவே நான் கிளிவெட்டிக்குப் பஸ் ஏறினேன். கேட்பது ஒரு சாட்டு. அக்காவை மறுபடி காணக் கிடைத்த ஒரே சாட்டு அதுதான்.

அக்கா முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இண்டைக்கு உயிரோடையோ வந்தனி?"

மகள் கதிரை கொண்டுவந்து போட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே முற்றத்தின் அந்தத் தொங்கல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"அடிச்சதும் அதிலை இருக்கோ?"

"ஓம் அக்கா."

"அப்ப ரெண்டையும் போடட்டும். அழுததை மட்டும் போட்டால் நான் ஏமாந்தவள் மாதிரியெல்லோ கிடக்கும்."

குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து என் கையில் தந்தார். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

இரண்டான ஊர்

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் டவுனில் மண்டபம் ஒன்றை எடுத்துப் படத்தைப் போட்டார்கள். அக்கா மகளோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

பேய் முதலில் வந்தபோது மண்டபமே சிரித்தது. நீலமாக்கிய இரவில் என் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. பின்னால் கப்பலில் ஆட்கள் வேலை செய்வது தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெண் குளித்தபோது பின்வரிசை விசிலடித்தது. முன்வரிசையில் இருந்து சில பெண்கள் எழும்பிப் போனார்கள். போனவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. கதாநாயகி நானாக இல்லாவிட்டால் நானும் போயிருப்பேன்.

பிறகு செத்தவீடு வந்தது. அக்கா அழுதார். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. விசிலடித்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். எங்கோ ஒரு மூலையில் யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது. அடி விழுந்ததும் பாதிப் பேர் வெடித்துச் சிரித்தார்கள், பாதிப் பேர் சிரித்தவர்களை ஏசினார்கள்.

அக்கா முகத்தை மூடவில்லை. முழுவதையும் நேரே பார்த்தார்.

படம் இணையத்தில் ஏறிய பிறகு சண்டை இன்னும் கூடியது. செத்தவீட்டுச் சடங்கை விளையாட்டாக்கிவிட்டான் என்று ஒரு பகுதி. எங்கள் ஊரிலும் ஒருவன் துணிந்து படம் எடுத்திருக்கிறானே என்று மறு பகுதி. குளிக்கிற காட்சிகளுக்காக ஒரு ரீச்சர் காரசாரமாக எழுதினார். நான் அதற்கு விருப்பக்குறி போட்டேன். நிரோஷன் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பொடியன்கள் அந்த அடியை மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டு, திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் நீண்ட கட்டுரை எழுதினார். இறந்தவர்களை மறக்க விடாத சமூகம் அவர்களைக் கன்னத்தில் அறைகிறது என்று அதில் இருந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆர் இந்த மனிசன், வேலை இல்லையோ?" என்றார்.

என்னைக் கேட்டால் படம் குப்பை. நிரோஷனிடமே சொல்லியிருக்கிறேன். அந்த அழுகை மட்டும் குப்பை இல்லை. அதை அவன் எடுக்கவில்லை, அவனுடைய கமரா நின்ற இடத்தில் அது நடந்தது. இப்படித்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொஞ்சம் பெருமையோடுதான். எனக்காக ஒருத்தி அப்படி அழுதாள் என்பது எனக்கு இனித்தது.

படம் போட்ட ஞாயிறுக்குப் பிறகு அக்கா டவுனுக்கு வந்தால் என் வீட்டுக்கு வந்துதான் போவார். அப்படி ஒருநாள் அவரை ஏற்றிவிட பஸ் நிலையத்தில் நின்றேன். எதிர்ச் சுவரில் வேறு யாரோ ஒருவருடைய அஞ்சலி இருந்தது. மான் ஒன்று கீழே இருந்து தொடங்கியிருந்தது.

மனம் இளகியிருந்ததால் சொல்லிவிட்டேன்.

"அக்கா, எனக்கு நீங்கள் அழுத அழுகையை நான் சாகும்வரை மறக்கமாட்டன்."

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"உனக்கு ஆர் அழுதது? அம்மாவுக்கெல்லோ அழுதனான். கொடியையும் பெட்டியையும் கண்டதும் அவதான் கிடக்கிறா எண்டு வந்திட்டுது. எடுக்கமுதல் வந்திட்டன் அம்மா, வந்திட்டன் அம்மா எண்டு கத்தினனான். உனக்குக் கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை என்றேன். மேளம் அடித்தது என்றேன்.

மூதூர் பஸ் வந்து நின்றது. அக்கா பையை எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தார். பிறகு திரும்பி, அவர் அடித்த அதே கன்னத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"உனக்கு அழுறது இன்னும் கிடக்கு," என்றுவிட்டு ஏறிப் போனார்.